தோலும் துணியும் நம்மது, ஆய்வுக்கூடம் யாருடையது?

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. அதை ஒட்டி சமுசிகாபுரம், அய்யனாபுரம். இந்த ஊர்களுக்குள் போனால் தறிச் சத்தம் காதை அடைக்கும். அங்கே நெய்வது வேட்டியல்ல, சேலையல்ல. புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி, அறுவை அரங்கில் ரத்தத்தை ஒத்தி எடுக்கிற காஸ் துணி. என் அக்கா பல வருசமாக இந்தத் துணியை வெட்டி, மடித்து, கட்டுப் போடுகிற வேலை பார்க்கிறாள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. பஞ்சுத் தூசியில் இருமல் வந்தால் அந்தக் கூலியில்தான் மருந்தும் வாங்கவேண்டும்.

அவள் மகன், அதாவது என் மருமகன், வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வேதிப் பொறியியல் படித்தான். எங்கள் தெருவில் முதல் இஞ்சினியர் அவன்தான். 2009ல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அந்த 3 விழுக்காடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஆகஸ்டில். அதுவரைக்கும் வழக்கு தலைக்கு மேல் தொங்க, எங்கள் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து படித்தார்கள்.

கடைசி வருசம் புராஜெக்ட் செய்யவேண்டும். புராஜெக்ட் விற்கிற கடை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருப்பது மாணவர்களுக்குத் தெரியாததல்ல. அறிக்கை, அட்டை, தேர்வாளர் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில், எல்லாம் சேர்த்து ஒரு விலை. கூடப் படித்தவர்கள் பலர் காசைக் கொடுத்து வாங்கிவந்தார்கள். கடன் வாங்கித் தாரேன், நீயும் வாங்கிக்கோ என்றாள் அக்கா. அவன் வேண்டாமென்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, தாத்தா தோலுக்கு ஆவாரம்பட்டைத் தண்ணி ஊத்துவாருன்னு சொல்வீங்களே, அது எப்படின்னு வரிசையாச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அந்த நாத்தத்துல இருந்து வெளிய வரத்தான இம்புட்டுப் பாடு பட்டோம். அதை எதுக்குடா இப்பக் கிளறுற?"

"அதுலதான் மாமா புராஜெக்ட் பண்ணப் போறேன்."

சொன்னேன். என் அப்பா செத்த மாட்டை ஊர் எல்லையிலிருந்து இழுத்துவருவார். உரித்து, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரையும் சவ்வையும் சுரண்டி எடுப்பார். தோலையே பையாகத் தைத்து மரத்தில் தொங்கவிட்டு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரை உள்ளே ஊற்றுவார். அது மெல்ல மெல்லக் கசிந்து வடியும். வடிந்ததை எடுத்து மறுபடி ஊற்றுவார். இப்படி நாள்கணக்காக. அதில்தான் செருப்பு, மாட்டுக்கு வார், கமலைத்தோல். கமலைத்தோல் இல்லாமல் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறியதில்லை. அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கலாம். தோலைத் தைத்தவன் மட்டும் கிணற்றைத் தொடக்கூடாது.

அவன் எழுதிக்கொண்டே போனான்.

அவன் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். காஸ் துணி புண்ணோடு சேர்ந்து காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. கட்டுப் பிரிக்கும்போது புதிதாக வந்த தோலையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. புண்ணைக் காயவிடுவதைவிட ஈரம் போகாமல் மூடிவைத்தால் மேல்தோல் சீக்கிரம் மூடுகிறது என்று ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளை வைத்துச் சோதித்து 1962லேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். அதன்பிறகு ஒட்டாத புண்மூடிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் அவற்றின் விலைக்கு நம் சனங்கள் எங்கே போவார்கள்? தர்ம ஆஸ்பத்திரியில் நமக்கு வைத்துக் கட்டுவது காஸ் துணிதான். அந்தத் துணியையே ஒட்டாத துணியாக, அதிகச் செலவில்லாமல் மாற்ற முடியுமா?

தோலில் பெரும்பங்கு கொலாஜன் என்கிற புரதம். அதை வேகவைத்தால் ஜெலட்டின் என்கிற பசை கிடைக்கும். ஆவாரம்பட்டையில் டானின் என்கிற பொருள் இருக்கிறது. டானின் கொலாஜன் இழைகளோடு போய்ப் பிணைந்துகொள்வதால்தான் பதனிட்ட தோல் அழுகுவதில்லை. அவன் செய்தது, சத்திரப்பட்டித் துணிமேல் ஜெலட்டினை மெல்லிசாகப் பூசி, ஆவாரம்பட்டைச் சாற்றால் அதை இறுக்கியது. தாத்தாவின் தோல்பையும் அம்மாவின் துணியும் ஒரே கண்ணாடிக் குவளைக்குள் வந்தன.

முதல் மாசம் எல்லாம் தோல்வி. மருத்துவப் பஞ்சுக்கும் காஸுக்கும் ஒரு சோதனை உண்டு. தண்ணீர்மேல் போட்டால் 10 நொடிக்குள் மூழ்கவேண்டும். தறியிலிருந்து வருகிற காடாத் துணி மூழ்காது, மிதக்கும். பருத்தியில் இயற்கையாக இருக்கிற மெழுகு தண்ணீரை உள்ளே விடாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்த பிறகுதான் அது உறிஞ்சுகிற துணி ஆகும். இவன் பூசிய துணி பழையபடி மிதந்தது. பூச்சைக் குறைத்தான். மூழ்கியது, ஆனால் ஒட்டியது.

ஒருநாள் வீட்டுக்கு எடுத்துவந்த துண்டை அக்கா கையில் வாங்கி மடித்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, மடிச்சா வெடிக்குது? கட்டுப் போட்டு அனுப்பினா போய்ச் சேரும்போது பொடியாத்தான் இருக்கும்" என்றிருக்கிறாள். கல்லூரியில் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. அதன்பிறகுதான் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தான். பூச்சு வளைந்துகொடுத்தது. மடிப்புச் சோதனை என்று அறிக்கையில் ஒரு தனிப்பகுதி எழுதி, இதைச் சொன்னவர் பேண்டேஜ் துணி மடிக்கும் தொழிலாளி என்று அக்காவின் பெயரைப் போட்டான். நன்றிப் பக்கத்தில் அல்ல, உள்ளே.

கடைசியில் கிடைத்தது என்ன? ஒட்டுவது குறைந்தது, உறிஞ்சுவதும் கொஞ்சம் குறைந்தது. இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய நேரம் போதவில்லை. உயிர்ச் செல்களில் வைத்துப் பார்க்க வசதி இல்லை. இது மருந்தல்ல, முதல் படி என்று உள்ளதை உள்ளபடி எழுதினான்.

நேர்முகத் தேர்வு நாளில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அறிக்கையைப் புரட்டினார். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "அதான பார்த்தேன். உங்க ஆளுங்களுக்குத் தோல் சமாச்சாரம் கைவந்த கலையாச்சே!"

மார்க் நன்றாகவே போட்டார். பாராட்டாகத்தான் சொன்னார். பையன் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அந்தப் பாராட்டு ஏன் சுட்டது என்பதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

*

அவன் வேலை செய்த துறைக்குத் தமிழில் பேர் வைப்பதே சங்கடம். மென்பொருள் என்று சொன்னால் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மெதுபொருள் என்போம். கல்லைப்போலக் கெட்டியுமல்ல, தண்ணீரைப்போல ஓடுவதுமல்ல. ரப்பர், பசை, நுரை, சோப்பு, தோல், தசை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் இந்த வகைதான். அதிலே உடம்போடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய பொருளை உயிரியப்பொருள் என்கிறார்கள். அறுவைத் தையல்நூல், கண்ணுக்குள் வைக்கிற வில்லை, புண்மூடி, இப்படி.

இந்தத் துறைக்கு உலக மரியாதை வாங்கித் தந்தவர்களில் ஒருவர் பிரான்சின் பியேர்-ஜில் டி ஜென். 1991ல் இயற்பியல் நோபல் பெற்றார். மெதுபொருள் என்பதையே தலைப்பாக வைத்து அவர் ஆற்றிய நோபல் உரையில் எடுத்துக்காட்டாக வருகிறவர்கள் அமேசான் காட்டுப் பழங்குடிகள். ரப்பர் மரத்தின் பாலைக் காலில் பூசிக் காயவிட்டால் அது காலணி ஆகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் பால் இறுகுகிறது. அதே ஆக்சிஜன் தொடர்ந்து வேலை செய்து சங்கிலிகளை அறுத்துவிடுவதால் காலணி சீக்கிரம் பிய்ந்துபோகிறது. 1839ல் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரை நிலைக்கவைத்தார். அவர் பெயர் இன்றைக்கும் டயரில் இருக்கிறது. காலில் பாலைப் பூசி முதலில் பார்த்தவன் பெயர் எங்கேயும் இல்லை. பெயர் இல்லாததோடு போகவில்லை. ரப்பருக்காகப் புதுமாயோ ஆற்றங்கரைப் பழங்குடிகளை அடிமைகளாக்கி, அடித்துக் கொன்ற கதையை ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1912ல் உலகத்துக்குச் சொன்னது.

இங்கே என்ன நடந்தது? சென்னையில் 1948ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டு சொன்னார்கள். அது பெரிய அறிவியல். அதில் நமக்கும் பெருமைதான், மறுக்கவில்லை. கேட்பது வேறு. சேரியில் இருக்கும்வரை அது தோல், தீட்டு. கண்ணாடிக் குழாய்க்குள் போய்க் கொலாஜன் என்று பேர் மாறினதும் தீட்டுப் போய்விடுகிறது. பொருள் அதேதான். தொடுகிற கை மாறினால் தீட்டு எப்படி மாறுகிறது? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அதே காலத்தில் அதே மாட்டுத் தோலின் கொலாஜன் எத்தனையோ குளிரூட்டிய ஆய்வுக்கூடங்களில் புண்மூடியாக மாறிக்கொண்டிருந்தது. தோலைத் தொடுவதல்ல குற்றம். எந்தச் சாதிக்காரன், எந்த இடத்தில் நின்று தொடுகிறான் என்பதுதான் இங்கே வழக்கு.

*

இங்கே ஒரு தோழர் குறுக்கே கேட்கலாம். "அப்படியானால் நம் பிள்ளைகள் தோலிலேயே ஆய்வு செய்யவேண்டும் என்கிறீர்களா? இது ராஜாஜியின் குலக்கல்வி அல்லவா?" நியாயமான கேள்வி. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றது. பெரியார் தெருவில் இறங்கினார். மறுவருசம் ராஜாஜி பதவி விலக, எங்கள் மாவட்டத்துக் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். அதற்கும் முன்னால், 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில், செத்த மாட்டை இழுக்காதே, அதன் இறைச்சியைத் தின்னாதே என்று அம்பேத்கர் நம் மக்களிடம் சொன்னார். உனாவுக்குப் பிறகு அதே உறுதிமொழியைக் குஜராத் தலித்துகள் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். மருமகன் கேட்டபோது எனக்கு வந்த கோபமும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். அம்பேத்கர் விடச் சொன்னது எதை? கூலியில்லாமல், மறுக்க முடியாமல், பிறப்பின் பேரால் தலையில் கட்டிய அடிமை வேலையை. அறிவை விடச் சொல்லவில்லை. அவரே பொருளாதாரத்தில் லண்டன் வரை போய் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். நாம் தோலை விட்டு வந்தோம், சரி. விட்ட இடத்தில் தோலின் அறிவை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான். இப்போது நம் பிள்ளை அதே தோலை ஆய்வுக்கூடத்தில் தொட்டால், 'கைவந்த கலை' என்று மறுபடியும் சேரிக்கே திருப்பி அனுப்புகிறான். விட்டாலும் அவனுக்கு லாபம், தொட்டாலும் அவனுக்கே லாபம் என்றால் எப்படி?

நம் பிள்ளை தோலிலும் ஆய்வு செய்யலாம், நட்சத்திரத்திலும் செய்யலாம். தேர்ந்தெடுப்பது அவனாக, அவளாக இருக்கவேண்டும். குலக்கல்விக்கும் ஆய்வுக்கும் உள்ள வித்தியாசம் பொருளில் இல்லை, தேர்வில் இருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமையில் இருக்கிறது.

மருமகன் கேள்வி கேட்டான் என்பதற்கு அத்தாட்சி அவன் அறிக்கையிலேயே இருக்கிறது. டானின் தாத்தா பயன்படுத்தியது, ஆகவே நல்லது என்று அவன் எழுதவில்லை. 1925ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர் தீக்காயத்தில் டானிக் அமிலம் தெளிக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க அது பரவியது. பிறகு அது உடம்புக்குள் போய் ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1940களில் கைவிட்டார்கள். இதைத் தேடிப் படித்து, "ஆகவே பூச்சிலிருந்து எவ்வளவு டானின் கரைந்து வெளியே வருகிறது என்று அளக்காமல் இதை எந்தப் புண்ணிலும் வைக்கக்கூடாது" என்று எழுதியிருக்கிறான். தாத்தாவை மதிப்பது வேறு, தாத்தாவைச் சோதிப்பது வேறு. அவன் இரண்டையும் செய்தான்.

தேர்வாளரின் பாராட்டு அழித்தது இதைத்தான். படித்தது, அளந்தது, தோற்றது, மறுபடி செய்தது, சந்தேகப்பட்டது. இந்த உழைப்பை எல்லாம் ஒரே வாக்கியத்தில் ரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டார். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை ஆய்வில் ஜெயித்தால் அதற்குப் பேர் 'மெரிட்'. சக்கிலியக்குடிப் பிள்ளை ஜெயித்தால் அது பரம்பரைப் பழக்கம். அவன் பெற்றது அறிவு, இவன் பெற்றது வெறும் கை! அக்காவுக்குத் துணி மடிக்கத் தெரிந்ததுகூட ரத்தத்தில் வந்ததல்ல. வருசக்கணக்கில் கைவிரல் தேய வேலைபார்த்துக் கற்றது. எங்கள் அம்மாவுக்குப் பேண்டேஜ் துணி என்றால் என்னவென்றே தெரியாது. உழைப்பால் வந்த அறிவைப் பிறப்பால் வந்ததாக மாற்றிச் சொல்வதுதான் சாதியின் பழைய வித்தை. வசவாக வந்தால் நமக்கு உடனே தெரிகிறது. பாராட்டாக வரும்போது தெரிவதில்லை.

*

இன்னொன்றும் பேசவேண்டும். யாருடைய புண்ணுக்காக இந்த ஆய்வு?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிழக்கே போனால் சிவகாசி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவில் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்தது. இடையிலும் பிறகும் வெடித்தவற்றைப் பத்திரிகைகள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. வெந்தவர்களில் நம் சனங்கள் எத்தனை பேர் என்பது சாவு வீட்டுக்குப் போய்வருகிற உங்களுக்குத் தெரியும். செத்தவர் போக, பிழைத்தவர்கள் மாசக்கணக்கில் சிவகாசி ஆஸ்பத்திரியிலும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் கிடக்கிறார்கள். கட்டுப் பிரிக்கிற நேரத்தில் தீக்காய வார்டுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு, 'துணி ஒட்டாமல் இருக்கவேண்டும்' என்பதன் அர்த்தம் புத்தகத்தில் படிக்காமலே விளங்கும்.

ஆக, புண்ணைக் கட்டுகிற துணி சத்திரப்பட்டியில். வேகிற உடம்பு சிவகாசியில். தோலின் கதை எங்கள் தெருவில். பொறியியல் கல்லூரியும் தூரத்தில் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984லேயே வந்துவிட்டது, ராஜபாளையத்தில் 2013ல் இன்னொன்று. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எல்லாம் ஒரே மாவட்டம். சேராமல் கிடப்பது ஒன்றுதான். நெய்கிறவரும் வேகிறவரும் ஒரு பக்கம், ஆய்வுக் கேள்வியை முடிவு செய்கிறவர் இன்னொரு பக்கம். நம் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்குள் போகவேண்டும் என்று நாம் கேட்பது ஒரு வேலைக்காக, ஒரு சம்பளத்துக்காக மட்டுமல்ல. எந்தக் கேள்வி கேட்கப்படவேண்டும் என்பதில் நமக்குப் பங்கு வேண்டும் என்பதற்காக.

உள்ளே போகவிடாமல் தடுப்பது எது? வாசலில் யாரும் கம்பு வைத்துக்கொண்டு நிற்கவில்லை. இப்போது நேரமும் காசும்தான் காவல் நிற்கின்றன. மூன்றாம் வருசக் கோடையில் மருமகனுக்குச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாசம் இருந்து வேலை கற்றுக்கொள்ளக் கடிதம் வந்தது. உதவித்தொகை கிடையாது. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவன் பாடு. அந்த இரண்டு மாசமும் அவன் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தான். அடுத்த வருசப் புத்தகத்துக்கும் பஸ்சுக்கும் அதுதான் காசு. அந்தக் கடிதம் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது. அவனோடு கடிதம் வாங்கின, அப்பன் சம்பளத்தில் போகமுடிந்த பையன், போனான். இன்றைக்கு மேல்படிப்புக்கு மனுப்போட்டால் முதலில் கேட்பது 'இளநிலையில் என்ன ஆய்வு செய்தாய், யார் பரிந்துரைக் கடிதம் தருவார்' என்பதுதான். இரண்டு பேருக்கும் ஒரே பட்டம். ஒருவனிடம் கடிதம், இன்னொருவனிடம் மில் டோக்கன். இதற்குப் பிறகு போட்டியில் 'தகுதி' பார்த்தார்களாம்! பெண்பிள்ளை என்றால் சென்னையில் தனியாக எங்கே தங்குவாள் என்பது அதற்கு மேல் ஒரு பூட்டு.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்தெர்லே 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தன் வீட்டில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து, கண்ணில் வைக்கும் மெதுவில்லை வார்க்கிற எந்திரத்தைச் செய்தார். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாமலே சாதிக்கலாம் என்று நம் மாணவர்களுக்குப் புத்தி சொல்ல இந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அவர் ஏற்கெனவே பேராசிரியர். அந்த விடுமுறையில் அவர் மில்லுக்கு ஷிப்டுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. எந்திரத்தை எங்கேயாவது தேடிக்கொள்ளலாம். நேரத்தைத் தேட முடியாது.

உதவியே இல்லை என்று சொல்லவரவில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் வருகிறது. மாணவர் திட்டப்பணிக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் தொகை தருகிறது. அது ரசாயனம் வாங்கக் காணும், அறை வாடகைக்குக் காணாது. கோடையில் ஒரு தலித் மாணவர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தால் அந்த இரண்டு மாசம் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்விக்கு இவை எதுவும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாதபோது என்ன ஆகிறது? ரோகித் வெமுலாவுக்கு ஆய்வு உதவித்தொகை மாசக்கணக்கில் நின்றது. அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்ட அந்தத் தோழர் 2016 ஜனவரி 17 அன்று போய்விட்டார். தொகை நிற்பது கணக்குப் பிரிவின் தாமதம் மட்டும் என்று இனியும் நம்மை நம்பச் சொல்லக்கூடாது.

*

நாம் என்ன செய்வது?

ஒன்று. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு. அந்த அளவுக்கு நிதி ஒதுக்கி, அதை நமக்கே செலவிடவேண்டும் என்பதற்காக 2024ல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியிலிருந்து இளநிலைத் தலித் மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வுக்கு மாசச் சம்பளம் கேட்போம். உதவித்தொகை என்று கேட்கவேண்டாம். ஆய்வும் வேலைதான், கூலி கேட்போம். விடுமுறையில் அரசு விடுதிகள் பூட்டாமல் இருக்கவேண்டும் என்று சேர்த்துக் கேட்போம்.

இரண்டு. மாணவத் தோழர்களே, புராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள். இது ஒழுக்க உபதேசம் இல்லை. நாலு வருசத்தில் நீங்களாக ஒரு கேள்வி கேட்க அனுமதி கிடைக்கிற ஒரே இடம் அது. அதையும் கடன் வாங்கி விற்றுவிடாதீர்கள். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியை உங்கள் அம்மா வேலைபார்க்கிற இடத்தில் தேடலாம். வேறெங்கேயும் தேடலாம்.

மூன்று. இயக்கத்தில் இருக்கிற நாம், கல்விக் கூட்டம் என்றால் வரலாறும் அரசியலும் மட்டும் வைக்கிறோம். விடுதிக்கு விடுதி, படித்து முடித்தவர் படிக்கிறவருக்குச் சொல்லித்தருகிற அறிவியல் கூட்டமும் வைக்கவேண்டும். கட்டுரை எப்படித் தேடுவது, மனு எப்படி எழுதுவது, பரிந்துரைக் கடிதம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போதே பேசிக்கொள்கிற விசயம். நமக்குக் கூட்டம் போட்டால்தான் கிடைக்கும்.

வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992ல் 'கருக்கு' எழுதினார். நம் வாழ்க்கையை நம் பேச்சிலேயே நாமே எழுதலாம் என்று ஆனது. இதெல்லாம் இலக்கியமா என்று கேட்டவர்கள் இன்று அதைப் பாடமாக நடத்துகிறார்கள். நம் கதையை நாம் எழுத வந்ததுபோல நம் கேள்வியை நாம் ஆராயவும் வந்தாகவேண்டும்.

மருமகன் இப்போது ஒரு சலவைப் பட்டறையில் துணிச் சோதனை பார்க்கிற வேலையில் இருக்கிறான். ராத்திரியில் கேட் தேர்வுக்குப் படிக்கிறான். அறிக்கையின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எல்லாம் இருக்கிறது. வேதியியலோ, ஜவுளியோ, உயிரித் தொழில்நுட்பமோ படிக்கிற தோழர்கள் யாராவது கேட்டால் தருகிறேன். டானின் எவ்வளவு கரைகிறது என்கிற அளவு இன்னும் எடுக்கப்படாமல் நிற்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.